பக்கத்துத் தொட்டியில் அராவேனா

இறங்குவதுதான் பாடு. கணுக்கால் வரை பரவாயில்லை, முழங்காலில் பல் கிட்டும், தொடையில் ஏறும்போது வாய்க்கு வந்த வார்த்தையை, பிசியோ ஜெபராஜ் பக்கத்தில் நிற்கிறானே என்று விழுங்கிக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவன், அவன் காதில் எதற்கு. இடுப்பு வரை போய்விட்டால் அப்புறம் உடம்பு தானாக மரத்துவிடும், தலை மட்டும்தான் மிச்சம், அதுதான் இன்றைக்குத் தொல்லை. எங்கள் கால்பந்து கிளப்பின் ஐஸ் மெஷின் போன மாதமே படுத்துவிட்டது. மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடுகிற லாரி இங்கேயும் பார் பாராக இறக்கிவிட்டுப் போகிறது, அதைக் கட்டையால் உடைத்து, ஆடிய மறுநாள் கால் வலிக்கு நாங்கள் உட்காருகிற இந்த நீலத் தொட்டிகளில் கொட்டுகிறார்கள். பையன்களெல்லாம் கவிச்சி அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, கடனே என்று உட்கார்ந்துவிட்டு ஓடிவிட்டார்கள். தூத்தூர்க் கடற்கரையில் பிறந்தவனுக்கு இதெல்லாம் ஒரு நாற்றமா. நாற்றம் மாடியில் இருந்தது, ஸ்ரீவத்சன் சாருடைய ஏசி அறையில். காலையில் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கிளப்பை நடத்துகிறவருக்கு உரிய குரலில் சொன்னார்: “சீலன், இன்னிக்கு மத்தியானம் கோச்சை அனுப்பறோம். அவருக்கு இன்னும் சொல்லல. சனிக்கிழமை மேட்ச்சை நீங்க பாத்துக்கணும். தற்காலிகமாத்தான்.” நான் பிளேயர் சார் என்றேன். “பிளேயராவும் இருங்களேன், யார் வேண்டாங்கறா? ஐஸ்ல உக்காந்துட்டு வந்து பதில் சொல்லுங்க.” ஏதோ கல்யாணத்துக்கு வருகிறாயா என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டார். ஜெபராஜ் நேரம் வைத்திருக்கிற போன் அடித்ததும் நான் எழுந்து துவட்டிக்கொண்டு மேலே போக வேண்டும், போய் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும்.

தற்காலிகமாத்தான். அந்த ஒரு சொல்லில் போய் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது மனசு. என்ன தற்காலிகம், சனிக்கிழமை தோற்றால் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும், அதற்குப் பிறகு யாருக்கு யார் கோச். ஜெயித்தால் தற்காலிகம் நிரந்தரமாகும், தோற்றால் சீலன்தான் கவிழ்த்தான் என்று ஊர் சொல்லும், இரண்டில் எது வந்தாலும் ஸ்ரீவத்சன் சார் கை சுத்தம். கெட்டிக்காரர். ஆனால் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லையே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அவர் ‘நீங்க பாத்துக்கணும்’ என்று சொன்னபோது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது, பொய் சொல்ல மாட்டேன், துள்ளியது, ஒரு நொடிதான், அதற்குள் அந்த நொடியை நானே பிடித்து மென்னியைத் திருகிவிட்டேன். அது கோச்சுடைய நாற்காலி. என்னை ஆளாக்கிய மனுஷனுடையது. நேற்று மாலை வாங்கிய கோல் மறுபடி கண்ணில் வருகிறது, வரட்டும், வந்து தொலையட்டும்: அவர்களுடைய இடது முன்வரிசைப் பையன் பந்தை என் பக்கமாகத் தட்டிவிட்டு ஓடினான், எங்கே ஓடுவான் என்று எனக்குத் தெரிந்தது, மூன்று அடி முன்னாலேயே தெரிந்தது, மூளை சொன்னது, கால் கேட்கவில்லை. கால் கேட்காத அந்த இடைவெளியில் அவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான். கேலரியில் யாரோ ‘பெரியவரே, வழி விடுங்க’ என்றான், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்து பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது கோச் ‘தடுப்பு வரிசையை முன்னால் ஏற்றச் சொன்னது நான், அது என் திட்டம்’ என்றார். அப்படி ஒரு திட்டமே கிடையாது.

தண்ணீர் ததும்பியது. பக்கத்துத் தொட்டியில் யாரோ இறங்குகிறார்கள் என்று திரும்பினால் கோச்சேதான், எலியோதோரோ அராவேனா, தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி, கையில் டீக்கடைப் பேப்பர் கப், முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல் ஐஸுக்குள் உட்கார்கிறார். இது அவருடைய வழக்கம். ஜெயித்த மறுநாள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார், தோற்ற மறுநாள் மட்டும் எங்களோடு ஐஸில் உட்காருவார். ஆடினது நாங்கள், உங்களுக்கு எதற்கு இந்தத் தண்டனை என்று முதல் வருஷம் கேட்டேன். தோற்றால் குளிர் எல்லாருக்கும்தானே என்றார், அதற்கு மேல் விளக்கவில்லை. சிலி நாட்டுக்காரர், ஐம்பத்தைந்து வயது, இரண்டு முழங்காலிலும் தையல் போட்ட தழும்பு, இடது கால் வலதைவிடக் கொஞ்சம் சூம்பியிருக்கும். காபி தொடமாட்டார், எங்கள் சிலியிலும் டீதான் என்பார், நாயர் கடை டீயை ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்தால் புரசைவாக்கத்திலேயே பிறந்தவர் மாதிரி இருக்கும். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே லட்சணம், அதனாலேயே எங்களுக்குள் ஒருநாளும் பேச்சு தடைப்பட்டதில்லை. “குளிருதா கேப்டன்?” என்றார். “பழகிடுச்சு கோச்” என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய கப்பைப் பார்த்தேன். இன்று மத்தியானம் உங்களை அனுப்பப் போகிறார்கள் என்று இப்போதே சொல்லிவிடலாமா, சொன்னால் என்ன, ஸ்ரீவத்சன் சார் சொல்லாதே என்று சொல்லவில்லையே, சொல் என்றும் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த வாக்கியம் ‘உங்கள் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்’ என்று வந்து நிற்குமே, அதை எந்த வாயால் சொல்வது. அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

பஸ் பயணங்களில் அவர் சொல்லிச் சொல்லி அவருடைய வாழ்க்கை எனக்கு மனப்பாடம். அவருடைய ஊர், செம்புச் சுரங்கத்துக்காகப் பாலைவனத்தில் கட்டிய குடியிருப்பு, மழை என்பது அங்கே காதால் கேள்விப்படுகிற சங்கதி. மைதானத்தில் புல் கிடையாது, உப்புப் பொரிந்த தரை, விழுந்தால் தோல் அங்கேயே தங்கிவிடும். அதனால் அந்த ஊர்ப் பையன்கள் விழமாட்டார்கள், விழாமல் பந்தைப் பறிக்கக் கற்றதுதான் என் மொத்தப் படிப்பு என்பார். பதினேழு வயதில் தலைநகரத்துக்குத் தேர்வுக்குப் போய் முதன்முதலாகப் புல்லில் காலை வைத்தவர் நாள் முழுவதும் வழுக்கி வழுக்கி விழுந்திருக்கிறார், சுரங்கத்திலிருந்து ஒரு குடிகாரனை அனுப்பிவிட்டார்கள் என்று சிரித்தார்களாம். மறுநாள் பூட்ஸைக் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலில் ஆடிக் காட்டி இடத்தைப் பிடித்தார். இந்தக் கட்டம் வரும்போது பையன்கள் கைதட்டுவார்கள். எனக்குத் தட்ட வராது, நானும் அந்த வயதுவரை மணலில் வெறுங்காலில் ஆடியவன்தானே, நாகர்கோவிலில் முதல் பூட்ஸ் போட்ட அன்று காலில் கல்லைக் கட்டிவிட்டது போல நடந்தவன். பிறகு அவருக்குத் துறைமுக ஊர் ஒன்றில் பெரிய கிளப், தடுப்பு வரிசையின் நடு இடம், என்னுடைய அதே இடம். தேசிய அணியில் ஒரே ஒரு ஆட்டம், அதுவும் ஒரு கோல் முன்னால் இருக்கும்போது கடைசிக் கொஞ்ச நேரத்துக்கு மாற்று ஆளாக. அந்த ஆட்டத்தின் துண்டு ஒன்றை யூடியூபில் தேடிப் பிடித்தோம். பையன்களுக்குச் சப்பென்று போய்விட்டது, ஏனென்றால் அவர் இறங்கியபின் பந்து அவரிடம் வரவே இல்லை. நான் மட்டும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எதிராளி பந்தைத் தள்ளத் தலையைத் தூக்குகிறான், அங்கே அராவேனா நிற்கிறார். வேறு பக்கம் திரும்புகிறான், அதற்குள் இரண்டு எட்டு நகர்ந்து அங்கேயும் அராவேனா நிற்கிறார். கடைசியில் அவன் பந்தைப் பின்னால் கொடுத்துவிடுகிறான். ஒரு முறைகூடப் பந்தைத் தொடாமல் ஒரு நாட்டின் கோல் வாசலைக் காத்துவிட்டார், அதைப் பார்த்து யாரும் கைதட்டவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகச் சிறந்த ஆட்டம் அது.

அவர் இங்கே வந்தபோது எனக்கு முப்பத்தொன்று, முடிந்துபோன ஆள் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள், நானும்தான். முதல் வாரம் முழுக்கப் பந்தையே கண்ணில் காட்டவில்லை, சிலியில் பந்துக்குப் பஞ்சம் போலிருக்கிறது என்று நான்தான் கிண்டலை ஆரம்பித்து வைத்தேன். இரண்டாவது வாரம் தடுப்பு ஆட்டக்காரர்களை மட்டும் கூட்டிக்கொண்டு பழைய மகாபலிபுரம் சாலை நடைமேம்பாலத்துக்குப் போனார். காலை ஆபீஸ் நேரம், கீழே டூ வீலர்கள் மொய்த்துக்கொண்டு வருகின்றன. எந்த வண்டி திரும்பும், எது நேராகப் போகும், முன்கூட்டியே சொல் என்றார். நாங்கள் இண்டிகேட்டரைப் பார்த்துச் சொன்னோம், எல்லாம் தப்பு. முன்சக்கரத்தைப் பார்த்துச் சொன்னோம், அதற்குள் வண்டி திரும்பிவிட்டது. “இண்டிகேட்டர் பொய் சொல்லும், சக்கரம் லேட்டாச் சொல்லும், தோளைப் பாரு” என்றார். தோளைப் பார்த்தேன். ஒரு பெண் பச்சை ஸ்கூட்டியில் நேராக வருகிறாள், கை அசையவில்லை, விளக்குப் போடவில்லை, இடது தோள் மட்டும் ஒரு நூல் இறங்கியது, இடது என்று கத்தினேன், இடதில் திரும்பினாள். ஆபீஸ் போகிறவர்களெல்லாம் நின்று எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வருஷம் முழுவதும் என்னைத் தாண்டி ஒருவன் போகவில்லை. ஓடாமல் ஆடினேன், நிற்க வேண்டிய இடத்தில் முன்னாலேயே போய் நின்றேன், சீலனுக்கு இரண்டாவது இளமை என்று பேப்பரில் போட்டார்கள். இளமையுமில்லை ஒன்றுமில்லை, அந்த மனுஷன் தன் கண்ணைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். கேப்டன் பட்டையைக் கையில் கட்டிவிட்டபோது, இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்தாய் என்று கேட்டார்.

கண் இருக்கிறது, கால்தான் இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, காலையில் வீட்டுப் படியில் நேராக இறங்க முடிவதில்லை, நண்டு போலப் பக்கவாட்டில் இறங்குகிறேன், மனைவி மெர்லின் பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி அடுப்படிக்குள் போய்விடுவாள். இன்று காலை கிளப் மாடியிலிருந்து இறங்கியதும் அவளுக்குத்தான் போன் போட்டேன், ஸ்ரீவத்சன் சார் சொன்னதைச் சொன்னேன். “பின்ன நீங்க என்ன சொன்னிய?” என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். “ஒங்க கோச்சுக்க காரியத்த நெனச்சா சங்கடமாத்தான் இருக்கு. ஆனா ஒரு காரியம் கேக்கட்டா, கோச் ஆனா நீங்க ஓடாண்டாம் இல்லியா?” என்றாள். ஓடவும் செய்யலாம், இரண்டும் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். “அப்படியா” என்றாள், அந்த அப்படியாவில் ஒரு வண்டி ஏமாற்றம் இருந்தது, எனக்கோ அந்த இடத்தில்தான் மூச்சே வந்தது. அதுதான் உண்மை. பூட்ஸ் கட்டாத சனிக்கிழமையை என்னால் யோசித்துக்கூடப் பார்க்க முடியவில்லை. தினகரன் பயல் இருக்கிறான், நெய்வேலிக்காரன், அவன் அப்பாவும் நிலக்கரிச் சுரங்கத்தில்தான் வேலை, சுரங்கத்துப் பிள்ளை என்று கோச்சுக்கு அவன் மேல் தனிப் பிரியம், என் இடத்துக்கு ஆள் அவன்தான், வருஷம் முழுக்க மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலை உருட்டிக்கொண்டிருக்கிறான். பயிற்சியில் அவன் தோளைத் திருப்பி ஓடுவதைப் பார்க்கும்போது நல்ல பையன் என்று வாய் சொல்லும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு சொல்லும். போன வருஷமும் இதையேதான் சொன்னது.

அதை விடு, இப்போது என்ன செய்வது, பக்கத்தில் மனுஷன் உட்கார்ந்திருக்கிறார். முடியாது என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை. உங்கள் நாற்காலியில் நான் உட்கார மாட்டேன் கோச் என்று ஒரு வரி, சொன்னால் என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் வரும். ஆனால் அவரும் இப்படித்தானே கோச் ஆனார். துறைமுக ஊர்க் கிளப்பில் அவருக்கு முப்பத்தைந்து, கேப்டன், அணி இறங்குகிற நிலை, வயதான கோச் எவரிஸ்தோவை ஒரே இரவில் அனுப்பிவிட்டு அந்த இடத்தில் இவரை உட்கார வைத்தார்கள், ஆட்டக்காரராகவும் இரு, கோச்சாகவும் இரு என்று. எவரிஸ்தோ அதற்குப் பிறகு சாகும்வரை இவரோடு பேசவில்லை, தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவாராம். கடைசி ஆட்டத்தில் தோற்று அணி இறங்கியது. அந்தத் தோல்விதான் என்னை கோச் ஆக்கியது என்று பேட்டிகளில் சொல்லுவார், அதற்குப் பிறகு பொலிவியாவில் மூச்சு முட்டுகிற மலை உச்சியில், மெக்சிகோவில், மலேசியாவில், எங்கெங்கோ தோற்கிற அணிகளாகப் பார்த்துப் பார்த்துப் போய் நிமிர்த்திவிட்டிருக்கிறார், பெரிய கிளப் எதுவும் அவரைக் கூப்பிடவில்லை, அதைப் பற்றி ஒரு புகார் கேட்டதில்லை. அவர் செய்ததை நான் செய்தால் தப்பா. தப்பில்லை என்றால் ஏன் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எவரிஸ்தோ மாதிரி இவரும் என்னைப் பார்த்து எதிர்ச்சாரிக்குப் போய்விட்டால் நான் தாங்குவேனா. மாட்டேன், நிச்சயமாக மாட்டேன். ஜெபராஜ் போனைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனான், ஐஸ் துண்டு ஒன்று என் தொடையில் மோதி விலகியது, தொடை அதை உணரவே இல்லை.

“மேல போயிட்டு வந்தியா கேப்டன்?” என்றார் திடீரென்று. போனேன் என்றேன். “நாற்காலி குடுத்தாங்களா?” அவர் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார், சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரல். எனக்கு உடம்பெல்லாம் ஏற்கனவே மரத்திருந்தது, காது மட்டும் சுட்டது. “உங்களுக்கு எப்படித் தெரியும் கோச்?” என்றேன். “எனக்கு இது புதுசா? டீ கொண்டாந்து குடுக்கிற அம்மா காலையிலேர்ந்து என் முகத்தப் பாக்க மாட்டேங்கிறாங்க. நீ கப்பைப் பாத்துப் பேசுற. தோளைப் பாக்கத் தெரிஞ்சவன்யா நான்.” நான் அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றேன், சேர்த்து வைத்திருந்த வரி, வெளியே வந்தபோது சின்னப் பையன் அடம் பிடிப்பது போல இருந்தது. “உக்காரு” என்றார். “நீ இல்லன்னா வெளியேர்ந்து ஒருத்தன் வருவான், அவனுக்குப் பசங்க பேரைத் தெரிஞ்சுக்கவே சனிக்கிழமை ஆயிடும். சரின்னு சொல்லு. என்கிட்ட கேக்காத, நான் கோவிச்சுக்க மாட்டேன், எவரிஸ்தோ வேற நான் வேற.” கப்பைத் தொட்டியின் விளிம்பில் வைத்தார். “ஆனா எவரிஸ்தோ கதையில ஒண்ணு நான் யாருக்கும் சொல்லல. கடைசி ஆட்டத்துக்குப் பதினோரு பேரை முடிவு பண்ணணும். முதல்ல எழுதினது யார் பேர் தெரியுமா, என் பேர். முழங்கால் பானை மாதிரி வீங்கி இருந்துச்சு. யாரும் கேக்கல, ஏன்னா கேக்க வேண்டிய ஆள் நான்தான். பத்தொன்பது வயசுப் பையன் என்னைத் தாண்டிப் போனான். ரெண்டு தடவை போனான். என் இடத்துக்குத் தயாரா லாசரோன்னு ஒருத்தன் பெஞ்சுல இருந்தான், நல்லா ஓடுவான். அணி இறங்கினதும் அவனைக் கழட்டி விட்டுட்டாங்க. இப்ப பஸ் ஓட்டுறான்.”

எனக்குப் புரிந்துவிட்டது, புரியாத மாதிரி இருக்க முடியுமா என்று ஒரு கணம் பார்த்தேன். கண் முன்னால் நேற்றைய கோல் வந்தது, அதற்கு முந்தின வாரக் கோல் வந்தது, எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து, என் பக்கத்திலிருந்து. “அப்படின்னா நேத்து என்னை ஏன் எடுத்தீங்க?” என்று கேட்டேன். அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார், பதில் வராவிட்டால் நல்லது என்று நினைத்தேன். “உன் கால் போச்சுன்னு மழை முடிஞ்சதுலேர்ந்து தெரியும்” என்றார். “உன் கால் எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாதா, அது என் கால்தானே. ஒவ்வொரு வாரமும் தினகரன் பேரைத்தான் முதல்ல வைப்பேன். அப்புறம் நீ உக்காந்து பூட்ஸ் கட்டுறதைப் பாப்பேன். ரெண்டு முடிச்சுப் போட்டு இழுத்துப் பாத்து எழுந்திரிப்ப. உன் பேருக்கு மாத்திடுவேன். கோச் செய்யக் கூடாத வேலை அது. என்னால முடியல கேப்டன்.” அதனால்தான் உங்களை அனுப்புகிறார்கள் என்றேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார், மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வது போல. “நான் செய்யாம விட்ட வேலை, உன் தலையில வருது. அது ஒண்ணுக்குத்தான் மன்னிச்சுக்க.”

முதலில் வந்தது கோபம்தான், அவர் மேல்தான். எனக்கு இரக்கப்பட இவர் யார், நான் என்ன நொண்டியா, முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே, சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், கத்தியிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், ஆனால் இந்த மனுஷனுக்கு வேலை இருந்திருக்குமே. உலகத்தில் பாதியைச் சுற்றி வந்தவர், எத்தனை பேரைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் உட்கார வைத்திருக்கிறார், எங்கள் கோல்கீப்பரை அவன் பிறந்த நாளன்றே உட்கார வைத்தவர், என்னிடம் வந்து இப்படித் தோற்பாரா. கோபம் எவ்வளவு நேரம் நிற்கும், ஐஸில் உட்கார்ந்துகொண்டு கோபப்படுவது சுலபமில்லை, பல் ஆடுகிறது. அப்புறம் வெட்கம் வந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என் பேர் வந்தபோது திறமைக்கு வந்தது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேனே, அவர் தன் வேலையைக் கிள்ளிக் கிள்ளி எனக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் பார்த்தேன், இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன். சிவப்புத் தொப்பிக்குக் கீழே வெளுத்துப்போன உதடு, நடுங்குகிறார், எழுந்திருக்கலாம், எழுந்திருக்கவில்லை. எனக்கு இந்த மனுஷனை எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அவர் ஜெயித்ததற்கெல்லாம் அவரை வியந்திருக்கிறேன், பாலைவனத்தை, வெறுங்காலை, பந்தைத் தொடாத அந்த ஆட்டத்தை. இந்த ஒரு தப்புக்காக அவர் மேல் வந்த பிரியத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, என் ஆங்கிலத்தில் அதற்கு வார்த்தை இல்லை, தமிழில் இருந்ததா என்றும் தெரியவில்லை. “டீ ஆறிடுச்சு கோச்” என்றேன். “ஆறட்டும்” என்றார்.

ஜெபராஜின் போன் அடித்தது. “அண்ணே, போதும், எந்திரிங்க” என்று கை கொடுத்தான். ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தேன், அது தரையில் பட்டதா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேன், நீ போ என்று கோச் சைகை காட்டினார். துண்டைச் சுற்றிக்கொண்டு டிரஸ்ஸிங் ரூம் வழியாகப் போனபோது தினகரன் பெஞ்சில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தான், என்னைக் கண்டதும் எழுந்து நின்றான், “கால் எப்டிண்ணே இருக்கு?” என்றான். உண்மையான அக்கறை, அது எனக்குத் தெரியும், இருந்தாலும் குத்தியது. இருக்கு என்றேன். மாடிப்படி ஏறினேன். ஏறுவது கஷ்டமில்லை, எனக்கு இறங்குவதுதான் கஷ்டம். ஒவ்வொரு படியிலும் ஒரு யோசனை வந்தது: முதல் பாதி மட்டும் ஆடினால் என்ன, சனிக்கிழமை எதிரணியில் வேகமான பையன் எவனும் இல்லை என்றால் என்ன, ஊசி போட்டுக்கொண்டு ஆடினால் என்ன, கேப்டன் உள்ளே நின்றால் பையன்களுக்குத் தெம்பு என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது பொய்யா. ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது, முப்பத்தைந்து வயது அராவேனாவுக்கும் இப்படித்தான் ஒவ்வொன்றும் நியாயமாக இருந்திருக்கும். கதவைத் தட்டினேன்.

ஸ்ரீவத்சன் சார் என் ஈரத் தலையைப் பார்த்துவிட்டு ஏசியைக் குறைத்தார், நல்ல மனுஷன்தான், அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். சொல்லுங்க சீலன் என்றார். சரி சார் என்றேன். அவர் மூச்சை விட்ட விதத்திலேயே நான் மறுத்திருந்தால் வேறு ஆள் கைவசம் இல்லை என்று தெரிந்தது. மத்தியானம் அறிவிப்புக் கொடுத்துவிடலாம், கேப்டனே கோச், போஸ்டருக்கு நன்றாக இருக்கும், பட்டையோடு உங்கள் படம் ஒன்று இருக்கிறது என்று பேசிக்கொண்டே போனார். நான் ஜன்னலைப் பார்த்தேன், கீழே தொட்டிகள் தெரியவில்லை, தகரக் கூரைதான் தெரிந்தது, அவர் இன்னும் எழுந்திருக்க மாட்டார். “டிஃபென்ஸ்ல மாற்றம் ஒண்ணும் இருக்காதே?” என்றார். நடுவில் தினகரன் ஆடுவான் சார் என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக, ரொம்பச் சாதாரணமாக இருந்தது.

“தினகரனா? அப்ப நீங்க?”

“பெஞ்ச்ல.”

“என்ன சீலன், அடி கிடி பட்டிருக்கா?”

“இல்ல சார்” என்றேன். “கோச் என்னை எடுக்கல.”